ஐசிடி-10 தள்ளிப்போனப்ப: ட்ரெய்னிங்கை நிறுத்துறதா, டூயல் கோடிங்கா?

ஐசிடிங்கிறது நோய்களுக்கு கோடு குடுக்குற உலகப் பட்டியல். அதோட அடுத்த பதிப்பு ஐசிடி-11 பேச்சு வந்ததும், தேதி தள்ளிப்போனா ட்ரெய்னிங்கை நிறுத்துறதா, இல்ல டூயல் கோடிங்கா (ஒரே கேஸுக்கு பழைய கோடு, புது கோடு ரெண்டும் போட்டுப் பழகுறது)ன்னு ஜூனியருங்க திரும்ப கேக்குறாங்க. அமெரிக்காவுல ஐசிடி-10 2013 அக்டோபர்னாங்க, அப்புறம் 2014, அப்புறம் 2015, சென்னையில உக்காந்து அவங்க சார்ட்டை (நோயாளியோட மருத்துவப் பதிவை) கோட் பண்ற எங்களுக்கே புலி வருது கதையா ஆயிடுச்சு.

செலவு
நிறுத்தினா: இப்போதைக்கு மிச்சம், அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து கிளாஸ்.
டூயல்: ஒரே சார்ட்டை ரெண்டு தடவை பாக்கணும், ப்ரொடக்‌ஷன் அடிவாங்கும்.

ஞாபகம்
இதுல டூயல்தான், பேச்சே இல்ல. காலீஸ் ஃப்ராக்சருக்கு (மணிக்கட்டுகிட்ட எலும்பு முறிவு) பழைய ஐசிடி-9ல 813.41 போட்டா முடிஞ்சுது, புதுசுல வலது கையா, மூடின முறிவா, முதல் சிகிச்சையா எல்லாம் பாத்துதான் எஸ்52.531ஏ, டாக்டர் எந்தக் கைன்னு எழுதலன்னா அங்கயே மாட்டிக்குவோம், இதெல்லாம் கை பழகினாதான் வரும்.

ஆர்வம்
நிறுத்தினா: "இதுவும் தள்ளிப்போகும், விடுக்கா"ன்னுடுவாங்க.
டூயல்: டார்கெட்டை குறைக்காம திணிச்சா கடுப்புதான் (எங்க டீம்ல அதான் நடந்துச்சு, ரெண்டு பேர் பேப்பர் போட்டாங்க).

அம்பது கோடுக்குள்ளயே சுத்துற சின்ன கிளினிக்னா நிறுத்திட்டு கடைசி ஆறு மாசம் பாத்துக்கலாம். இன்பேஷன்ட் இருக்குற பெரிய ஆஸ்பத்திரின்னா வாரம் பத்து சார்ட்டாவது டூயல், அந்த நேரத்தை டார்கெட்ல கழிச்சுட்டு.