சுவருக்குள் மீன் தொட்டி வைக்க முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரைத் திறந்து, இரண்டு பக்கமும் தெரியும்படி மீன் தொட்டி பதித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 92,000 ரூபாய் கொடுத்தேன். இன்று அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறோம். பூச்சு இன்னும் காயவில்லை. இருபத்தாறு மீன்களில் இருபத்தொன்று செத்துப்போயின. சென்னையில் வீடு புதுப்பிக்கும் பலருக்கு இதே ஆசை இருப்பதைப் பார்க்கிறேன், அவர்களுக்காகவே எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் என்பது தெரிந்தாலே உங்களுக்குப் போதும்.

வந்த முதல் நாளே டேப் வைத்து அளந்தார், கைப்பேசியில் அழகான படங்களைக் காட்டினார், 60,000 ரூபாய் முன்பணம் கேட்டார். எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. தளம் தாங்குமா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 425 லிட்டர் தண்ணீர், அதாவது 425 கிலோ. கண்ணாடி, மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுவது வழக்கம் என்று பின்னால் வந்த கட்டடப் பொறியாளர் சொன்னார். இந்தத் தொட்டி நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லை. கீழே உத்திரம் ஓடியதால்தான் தப்பித்தோம்.

சுவர் நாலரை அங்குலச் செங்கல் சுவர். அவருடைய ஆட்கள் ஒரே பகலில் அதை உடைத்துத் திறந்தார்கள். திறப்புக்கு மேல் லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, போடவில்லை. மேலே இருக்கும் செங்கல் வரிசைகளைப் பிளைவுட் சட்டம் தாங்கும் என்றார்கள். இரண்டாவது மாதம் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் ஏறியது. பொறியாளர் அதைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "இங்கே லிண்டல் எங்கே?" என்பதுதான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அந்தத் தொட்டிக்குள் கை விட முடியாது. சுவரோடு சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே அரையடிகூட இடம் விடாமல் பிளைவுட்டால் மூடி, பீடிங் அடித்து, பெயிண்ட் பூசிவிட்டார். இரை போட ஒரு சின்னக் கதவு மட்டும் இருந்தது. என் கை முழங்கை வரைக்கும்தான் நுழையும். இரண்டடி ஆழத்தில் கிடக்கும் மணலை எட்டாது. கண்ணாடியில் பாசி பிடித்தால் துடைக்க முடியாது. செத்த மீனை எடுக்கவே கம்பியில் வலையைக் கட்டிப் பத்து நிமிடம் துழாவ வேண்டும். சுத்தம் செய்வது எப்படி என்று வேலை முடிந்த அன்று கேட்டேன். "அதற்குத்தான் சக்கர் மீன் இரண்டு விட்டிருக்கிறேன் சார், எல்லா அழுக்கையும் அதுவே தின்றுவிடும்" என்றார். நம்பினேன். சக்கர் மீன் பாசியைக் கொஞ்சம் மேயும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவை அது தின்பதில்லை. அதுவும் தன் பங்குக்கு நிறையக் கழிக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். (தயவுசெய்து அதை ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது.)

இனி மீன்களின் கதை. தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பியது காலை பதினொரு மணிக்கு. மாலை நான்கு மணிக்கு இருபத்தாறு மீன்களைப் பைகளில் கொண்டுவந்து கொட்டினார். தங்க மீன் எட்டு, ஏஞ்சல் நான்கு, நீலமும் ரோஜா நிறமுமாகப் பத்து டெட்ரா, சக்கர் இரண்டு, 'ஷார்க்' இரண்டு. என் மகளுக்கு எட்டு வயது. அன்று இரவு தூங்கப் போகும்வரை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள், ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவுங்கள், நீல மருந்தை ஊற்றுங்கள் என்றார். மருந்துக்குத் தனியாக 650 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை ஒன்பது மீன்கள் மிதந்தன.

கொளத்தூரில் பல வருடங்களாக மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோனேன். அவர் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அவர் சொல்லித்தான் புரிந்தது: மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியை மீனில்லாமல், அந்தப் பாக்டீரியாக்களுக்கு அம்மோனியா கிடைக்கும்படி கொஞ்சம் இரை மட்டும் போட்டு, ஓடவிட வேண்டும். நன்றாக ஓடும் வேறு தொட்டியின் பழைய பஞ்சை வைத்தால் சீக்கிரம் நடக்கும். எனக்குச் சொல்லப்பட்டதோ நேர்மாறான வேலை. குளோரின் கலந்த தண்ணீரில் பஞ்சைக் கழுவியதும் நீல மருந்தும், அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்த பாக்டீரியாக்களையும் கொன்றுவிட்டன. காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமையாகும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

மீன் சேர்க்கையே தவறு என்றார். தங்க மீன் குளிர்ந்த நீரை விரும்புவது, ஏராளமாகக் கழிப்பது. ஏஞ்சலுக்குச் சூடு வேண்டும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் விளக்கு எரிந்து எங்கள் தொட்டி 33 டிகிரியில் இருந்தது. சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. 'ஷார்க்' என்று விற்றது சுறாவே அல்ல. மீன் சந்தையில் முள் குறைவாக இருக்கிறது என்று துண்டு போட்டு விற்கும் பங்காசியஸ் கெளுத்தியின் குஞ்சு அது. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஐந்தடித் தொட்டியில் அது எப்படி வாழும்? டெட்ராக்களின் நிறம் சில வாரங்களில் மங்கி, உள்ளே வெளுத்த உடல் தெரிந்தது. உயிருள்ள மீனைச் சாயத்தில் முக்கியோ ஊசி போட்டோ நிறம் ஏற்றி விற்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதைப் பணம் கொடுத்து வாங்கி மகளுக்குக் காட்டினேனே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

இறுதியாக, கசிவு. ஒன்பதாவது வாரம் ஒரு நள்ளிரவு வீடே இருண்டது. தொட்டியின் அடி மூலையிலிருந்து தண்ணீர் வடிந்து, நேர் கீழே அவர் வைத்திருந்த பிளக் போர்டுக்குள் இறங்கியிருந்தது. மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சாதனம் எங்கள் வீட்டில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தொட்டியைப் பிரித்தபோது எல்லாம் வெளியே வந்தது. 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பீடிங்கைக் கழற்றி அளந்தால் 8. ரசமட்டம் வைத்தால் ஸ்டாண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எடையைச் சமமாகப் பரப்பத் தொட்டிக்கு அடியில் வைக்கும் தெர்மாக்கோல் இல்லை. சாதாரண பிளைவுட் ஊறி உப்பியிருந்தது.

அவரை அழைத்தேன். "மீனுக்கும் கண்ணாடிக்கும் யாரும் கியாரண்டி தருவதில்லை சார்" என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. என்னிடம் முறையான பில் இல்லை; ஒரு வெள்ளைத்தாள் மதிப்பீடு, பணம் அனுப்பியதற்கான வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கண்ணாடியின் அளவை எழுத்தில் வாங்கியிருந்தது இப்போது உதவுகிறது.

நீங்கள் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், முன்பணத்துக்கு முன் ஒரு பொறியாளரிடம் சுவரையும் தளத்தையும் காட்டுங்கள். தொட்டிக்கு மேல் குறைந்தது ஓரடி இடமும், முழு நீளத்துக்கும் திறக்கும் கதவும் வரைபடத்தில் இருக்க வேண்டும். உங்கள் கை அடி மணலைத் தொட வேண்டும். தொட்டியை வீட்டுக்கு வெளியே நிரப்பி இரண்டு நாள் வைத்துக் கசிவு பாருங்கள். கண்ணாடிகளை ஒட்டுவது எந்த சிலிக்கான் பசை என்று அதன் குழாயை வாங்கிப் படியுங்கள். குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் மீனுக்கு ஆகாது. பிளக் போர்டு பக்கவாட்டில், தண்ணீர் சொட்டாத இடத்தில் இருக்கட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காதபடி, ஒயர் கீழே தொங்கி மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் கொண்டுவருகிறேன் என்று சொல்பவரை அந்த நிமிடமே திருப்பி அனுப்புங்கள்.

மிஞ்சிய மூன்று ஏஞ்சல்களும் இரண்டு சக்கர்களும் கொளத்தூர்ப் பெரியவரின் சிமெண்ட் தொட்டியில் இருக்கின்றன. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறாள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.