யாழ்ப்பாணத்து வெப்பத்தில் நீர்க் குளிரூட்டி: ஐஸ் போத்தலா, பெல்டியரா, கொம்பிரசரா?

வலிகாமத்துக் கிணற்றிலிருந்து காலையில் இறைத்த நீர் கைக்குக் குளிர்ச்சியாகத்தான் படும். ஆனால் வெப்பமானியை இட்டால் 28 பாகை செல்சியஸை ஒட்டிக் காட்டும். வீட்டறைக்குள் விளக்கு வெளிச்சத்தில், மண்ணில்லாமல், அல்பேட் என்ற உரக் கரைசலில் சலாது வளர்ப்பவருக்கு வேண்டியதோ 20 முதல் 22 பாகை. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே பத்துப் பாகை உயர்வில் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பதால், வரவு சுருங்கும் வேளையில்தான் தேவையும் கூடுகிறது. அப்போதுதான் பிதியம் என்ற வேரழுகல் நுழைகிறது. வெள்ளை வேர் மண்ணிறமாகி வழுவழுக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேற்தோல் கழன்று வந்து, நடுவில் நூலளவு நரம்பு மட்டும் மிஞ்சும்.

அறைக்கு ஏசி பூட்டினால் நீரும் தானாகக் குளிராதா என்று கேட்பவர்கள் உண்டு. குளிரும், அறையை 24 பாகையில் இரவு பகலாக வைத்திருக்கும் வசதியுள்ளவருக்கு நீர்க் குளிரூட்டியே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் ஓட்டுக் கூரை வீட்டில், விளக்கின் வெப்பத்தையும் சேர்த்து அறை முழுவதையும் குளிர்விப்பதைவிட, வேர் நிற்கும் நூறு லீற்றரை மட்டும் குளிர்விப்பது மிகவும் மலிவு. சிங்கப்பூரில் 1990களிலேயே, இலைப்பகுதியை வெப்பமண்டல வளியில் விட்டுவிட்டு வேர்ப்பகுதியை மட்டும் 20 பாகையளவில் வைத்துச் சலாது வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நீரைக் குளிர்விக்கும் வழிகளையே இங்கே ஒப்பிடுகிறேன்.

மண்பானை முறையையும் தொட்டியை நிலத்தில் புதைக்கும் முறையையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். வளி 31 பாகையிலும் ஈரப்பதம் 75 வீதத்திலும் இருக்கும் நாளில், நீர் ஆவியாவதால் மட்டும் 27 பாகைக்குக் கீழே இறங்க இயலாது. புதைத்த தொட்டியும் கிணற்று நீரின் வெப்பநிலையோடு நின்றுவிடும்.

எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்பும் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். நூறு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 21 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 3,770 கிலோயூல், அதாவது ஒரு யூனிற்றுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தை வெளியேற்றினால் போதும். அது பெரிய வேலையன்று. இறக்கிய பின் அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் வேலை. கரைசலுக்குள் மூழ்கி ஓடும் 40 வாற்று மோட்டர் தான் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் கடைசியில் வெப்பமாக நீருக்கே கொடுப்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் வெப்பம் அதிலிருந்தே சேர்கிறது. வெப்பக்காப்பு எதுவும் சுற்றாத பிளாஸ்ரிக் தொட்டியின் சுவர் வழியாக எண்பது, நூறு வாற்று வரை உள்ளே வரும். ஓரங்குலத் தடிப்பான ரெஜிபோமைச் சுற்றிலும் அடியிலும் மேலும் ஒட்டினால் அது இருபது வாற்றளவுக்குச் சுருங்கும். பிவிசி குழாய்களில் மெல்லிய படலமாகக் கரைசலை ஓடவிடும் முறையில் குழாய்கள் மட்டுமே நூறு வாற்றுக்கு மேல் எளிதில் உறிஞ்சிவிடும். ரெஜிபோமுக்கு ஆகும் சிறு தொகையைச் செலவழிக்காமல் குளிரூட்டிக்குப் பெருந்தொகை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐஸ் போத்தலிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி 21 பாகைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 420 கிலோயூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எனவே மேற்சொன்ன நூறு லீற்றரை ஒருமுறை இறக்க ஒன்பது ஒரு லீற்றர் போத்தல்கள் வேண்டும். அதன்பின் அந்த 40 வாற்று மோட்டருக்கு மட்டும் நாளுக்கு எட்டுக் கிலோ. ரெஜிபோம் சுற்றாத தொட்டியானால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டு பிரிட்ஜின் உறைபெட்டி இதற்கு ஈடுகொடுக்காது. பாசையூர், குருநகர்க் கரைகளில் மீனுக்கு வாங்குவதுபோல் ஐஸ் வாங்கிப் போடலாம் என்றாலும், நாள்தோறும் அலைய வேண்டும். நீரின் வெப்பநிலையும் ஒரே நாளில் 18க்கும் 28க்கும் இடையே ஏறி இறங்கும். ஐஸை நேரே கரைசலில் இட்டால் கரைசல் ஐதாகி, உரச் செறிவும் குழம்பும். இருபது லீற்றர் வாளியில் நாலைந்து செடி வைத்திருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும்.

பெல்டியர் என்பது மின்சாரம் பாயும்போது ஒரு முகம் குளிர்ந்து மறு முகம் சூடாகும் தகடு. அதைக் கொண்ட குளிரூட்டி பார்க்கச் சிறியது, கொம்பிரசர் இரைச்சல் இல்லாதது, விலையும் குறைவு. 12706 என்ற இலக்கத்தோடு வரும் தகடு பரவலாகக் கிடைக்கும். ஐம்பது அறுபது வாற்றுக் குளிர்ச்சி தரும் என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த அளவு தகட்டின் இரு முகங்களுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடே இல்லாதபோது கிடைப்பது. நீர் 21 பாகையிலும், 31 பாகை அறையில் விசிறியடித்தும் சூடான முகம் 45 பாகையிலும் இருக்கையில், ஏறத்தாழ அறுபது வாற்று மின்சாரத்துக்கு முப்பது வாற்றுக் குளிர்ச்சி கிடைத்தாலே பெரிது. மோட்டரின் வெப்பத்தை ஈடுசெய்யவே இரண்டு தகடுகள் தேவை. அதற்கு நாளுக்கு மூன்று யூனிற்றளவு போகும். மின்பட்டியலில் யூனிற் கூடக்கூட விலைப்படியும் ஏறுகிற நாட்டில், கடையில் மிச்சம் பிடித்த காசு இந்த வழியில் கரைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பழைய ஏசியையோ பிரிட்ஜையோ மாற்றிக் கட்டுவது கைவேலை தெரிந்தவர்களுக்குப் பிடித்த வழி. பிரிட்ஜுக்குள் பிளாஸ்ரிக் குழாயைச் சுருட்டி வைத்து நீரை ஓடவிடுவது பலனளிப்பதில்லை. உள்ளே நிற்கும் வளி வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஏசியின் குளிர்ச்சுருளை அப்படியே நீரில் அமிழ்த்தினால் குளிர்ச்சி தாராளமாக வரும். ஆனால் அந்தச் சுருள் செம்பும் அலுமினியமும். கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருப்பதால் செம்பு மெல்லக் கரைந்து வேரையே நஞ்சாக்கும். துருப்பிடிக்காத உருக்குச் சுருள் செய்விக்கலாம். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் உள்ள உவர்க் கிணற்று நீரில் அதிலும் புள்ளிபுள்ளியாக அரிப்பு விழும்.

எஞ்சுவது கடல்மீன் தொட்டிகளுக்கென்று செய்யப்பட்ட, டைட்டானியச் சுருள் கொண்ட கொம்பிரசர் குளிரூட்டி. ஒரு வாற்று மின்சாரத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை வாற்று வெப்பத்தை அது அகற்றும். பெல்டியரோடு பார்த்தால் நாலைந்து மடங்கு. வாயு குறைந்தாலும் விசிறி நின்றாலும் நகரத்தில் பிரிட்ஜ் திருத்துபவர் எவரும் பார்த்துக் கொடுப்பார் என்பதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன். ரெஜிபோம் சுற்றிய, வேர்கள் நேரே கரைசலில் தொங்கும் நூறு லீற்றர் ஆழ்நீர்த் தொட்டிக்குப் பத்திலொரு குதிரைவலு போதும். குழாய் முறைக்கும், இருநூறு லீற்றரை நெருங்கும் தொட்டிக்கும் கால் குதிரைவலுவுக்குக் கீழே போக வேண்டாம். வெளிவளி சூடேறச் சூடேற எந்தக் கொம்பிரசரின் திறனும் குறையும், சித்திரை வைகாசியில் சிறியது ஓய்வின்றி ஓடித் தேயும். கிணற்று நீரின் சுண்ணாம்பு சுருளில் படியுமே என்ற பயம் இங்கே பலருக்கு உண்டு. கேத்தில் அடியில் படியும் அது, குளிர்ந்த, சற்று அமிலமான கரைசலில் அப்படிப் படியாது. அறுந்த வேர்த்துண்டும் பாசியும்தான் அடைக்கும். நுழைவாயிலில் ஒரு பஞ்சு வடிகட்டி போதும்.

மின்வெட்டையும் எண்ண வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். ரெஜிபோம் சுற்றிய நூறு லீற்றர், மோட்டரும் நின்றிருக்கையில், ஆறு மணிநேரத்தில் ஒரு பாகையளவே ஏறும். அந்த நேரத்தில் காற்றுப் பம்புக்கு ஒரு சிறு பற்றரி இருந்தால் போதும். மேலும் நீண்டால் ஐஸ் போத்தல் உதவும். குளிரூட்டியை இன்வேர்ட்டரில் ஓட்ட நினைப்பவர், கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிரூட்டியை வளர்ப்பறைக்குள் வைக்கக் கூடாது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் தின்ற மின்சாரத்தையும் சேர்த்து அது அறைக்குள் ஊதும். வெளித் தாழ்வாரத்தில், மழைச்சாரலும் கடற்காற்றும் நேரே படாத பக்கத்தில் வைத்து, சுவரில் துளையிட்டு இரு குழாய்களையும் உள்ளே கொண்டுவந்து, அவற்றுக்கும் ஏசிக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரையுறையைப் போட வேண்டும். உறையில்லாவிட்டால் நம் ஈரக்காற்றில் குழாய் வியர்த்துச் சுவர் முழுதும் நனையும். 23 பாகையில் தொடங்கி 21இல் நிற்குமாறு அமைத்தால் சலாதுக்குப் போதும். 18க்கு இறக்குவதால் இலை பெருப்பதில்லை, மின்பட்டியல்தான் பெருக்கும்.