சிதறிக் கிடந்த பாடல்களின் தொகை: அயர்ன் அண்ட் வைனின் ‘அரவுண்ட் தி வெல்’

அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான சாம் பீம் ‘அயர்ன் அண்ட் வைன்’ என்ற பெயரில் பாடிப் பதிவு செய்து, முதன்மையான இசைத்தொகுப்புகளில் இடம்பெறாமல் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்த 23 பாடல்களைத் திரட்டி, சியாட்டில் நகரின் சப் பாப் நிறுவனம் 2009ஆம் ஆண்டு மே மாதம் ‘அரவுண்ட் தி வெல்’ என்ற தலைப்பில் வெளியிட்டது. இரண்டு குறுந்தகடுகளாகவும் மூன்று வினைல் தட்டுகளாகவும் வந்த இத்தொகுப்பில், தனிப்பாடல் வெளியீடுகளின் மறுபக்கத்தில் இருந்தவை, திரைப்படத்துக்காக எழுதப்பட்டவை, பிற இசைக்குழுக்களின் பாடல்களை அவர் தம் பாணியில் பாடியவை என எல்லாமே கலந்திருக்கின்றன. ஆயினும் அவற்றை அடுக்கியவர்கள் ஒரு தெளிவான கோட்டைப் போட்டிருக்கிறார்கள். முதல் தகட்டில் இருப்பவை வீட்டில் பதிவானவை. இரண்டாவதில் இருப்பவை ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானவை. இந்தப் பிரிவினைதான் இத்தொகுப்பின் ஆகப்பெரிய பலம் என்பது என் கருத்து. ஒரு குரல் எதை இழந்து எதைப் பெற்றது என்பதை ஒரே அமர்வில் கேட்டு அறியும் வாய்ப்பை அது தருகிறது.

மியாமியில் திரைப்பட ஒளிப்பதிவு கற்பித்துக்கொண்டிருந்த பீம், வேலை நேரம் போக வீட்டில் நான்கு தடக் கேசட் கருவி ஒன்றில் தம் பாடல்களைப் பதிந்துவந்தார். அப்பதிவுகளிலிருந்து தேர்ந்தெடுத்தவையே 2002இல் ‘தி கிரீக் டிராங்க் தி கிரேடில்’ என்ற முதல் தொகுப்பாக வெளிவந்தன. அந்தக் கருவியின் இயல்பைச் சற்று விளக்கினால்தான் இங்குள்ள முதல் தகட்டின் ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும். சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உண்டு; இக்கருவி அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்ளும். கிட்டார் ஒன்றில், பாட்டு ஒன்றில், அதே குரலில் தாமே பாடிச் சேர்க்கும் இணைக்குரல் ஒன்றில், பாஞ்சோவோ ஸ்லைடு கிட்டாரோ மற்றொன்றில் என்று வைத்தால் இடம் தீர்ந்துவிட்டது. ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் முன்பு பதிந்த தடங்களை ஒன்றாகக் குழைத்து வேறொரு தடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஒலிநாடாவின் இரைச்சல் ஒரு படி கூடும். ஆகவே தேவையற்ற எதையும் சேர்க்க இயலாது. ஒலிவாங்கியை ஒட்டி நின்று ஏறத்தாழக் கிசுகிசுப்பாகப் பாடும் அவரது முறையும் இந்த நெருக்கடியோடு ஒத்துப்போயிற்று.

முதல் தகட்டின் தொடக்கப் பாடலான ‘டியரஸ்ட் ஃபர்சேக்கன்’ முதல் ‘ஹிக்கரி’, ‘ஸ்வான்ஸ் அண்ட் தி ஸ்விம்மிங்’ வரை அந்த இரைச்சல் மெல்லிய திரையாக விழுந்துகிடக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் கம்பியின் மீது விரல் நகரும் கீச்சொலியும், சொல் முடிந்தபின் வெளிவரும் மூச்சும் தெளிவாகக் கேட்கின்றன. இணைக்குரல் மூலக்குரலோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவில்லை என்பதையும் கவனிக்கலாம். ஒரே மனிதர் இரண்டு வேளைகளில் பாடியதால் சொற்களின் முடிவில் மயிரிழை அளவு விலகல் இருக்கிறது; அந்த விலகலே குரலுக்கு ஒரு பருமனைத் தருகிறது. எஞ்சியவற்றின் குவியல் என்ற எண்ணமே எழாமல், பதினொரு பாடல்களையும் ஒரு முழுத் தொகுப்பாகவே கேட்க முடிகிறது. இவை ஏன் முதல் தொகுப்பில் சேர்க்கப்படாமல் போயின என்று சில இடங்களில் வியப்பாகவும் இருந்தது.

பிறர் பாடல்களை அவர் எடுத்தாளும் விதம் தனியே பேசப்பட வேண்டியது. ஸ்டீரியோலேப் குழுவின் ‘பெங்! 33’, ஃபிளேமிங் லிப்ஸ் குழுவின் ‘வெயிட்டிங் ஃபார் எ சூப்பர்மேன்’, போஸ்டல் சர்வீஸ் குழுவின் ‘சச் கிரேட் ஹைட்ஸ்’ ஆகிய மூன்றும் முதல் தகட்டில் உள்ளன. இவற்றுள் கடைசிப் பாடல்தான் பலரும் பீமை முதன்முதலில் கேட்ட இடம். மின்னணுக் கருவிகளின் துள்ளலோடு வேகமாகப் பாயும் மூலப் பாடல் 2003இல் வெளியானபோது, அதே தனிப்பாடல் வெளியீட்டின் துணைப்பாடலாக பீமின் வடிவமும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ‘கார்டன் ஸ்டேட்’ படத்தின் பாடல் தொகுப்பில் சேர்ந்தபின் அது மூலத்துக்கு நிகரான புகழை அடைந்தது. அவர் செய்ததெல்லாம் தாளத்தை நீக்கி, வேகத்தைக் குறைத்து, கிட்டாரை விரல்களால் மீட்டிப் பாடியது மட்டுமே. ஆனால் மூலத்தில் விரைந்து கடந்துவிடும் காதல் வரிகள், இங்கே சொல்லச் சற்றுக் கூச்சப்படுபவரின் பேச்சாக மாறிவிடுகின்றன. இந்த உத்தி பின்னாளில் விளம்பரங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் எத்தனையோ பேரால் நகலெடுக்கப்பட்டுச் சலித்துப்போனது உண்மை. அதற்கு இப்பாடலைக் குறை சொல்வது நியாயமாகாது.

இரண்டாம் தகட்டின் கதை வேறு. பிரையன் டெக் தயாரித்த 2004ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்தே பீமின் ஒலி கூடத்துக்கு இடம் மாறிவிட்டது. 2007இல் வந்த ‘தி ஷெப்பர்ட்ஸ் டாக்’ தாளக் கருவிகளை அடுக்கடுக்காகக் கோத்த படைப்பு. அந்த மாற்றத்தின் எல்லாக் கட்டங்களும் இத்தகட்டில் இருப்பதால், பன்னிரண்டு பாடல்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ‘பிலேட்டட் பிராமிஸ் ரிங்’ குறும்பும் வாஞ்சையும் கலந்த காதல் கதை. இத்தகட்டில் நான் மீண்டும் மீண்டும் கேட்பது அது. ‘காட் மேட் தி ஆட்டோமொபைல்’ அமெரிக்கத் தெற்குப் பகுதியின் பக்திப் பாடல் மரபை நினைவூட்டும் நிதானம் கொண்டது. நியூ ஆர்டர் குழு 1985இல் வெளியிட்ட ‘லவ் விஜிலண்டிஸ்’ பாடலை அவர் மெதுவாக்கியிருப்பதும் பொருத்தமான முடிவே. போரிலிருந்து வீடு திரும்பும் படைவீரன், தான் இறந்துவிட்டதாக வந்த தந்தியோடு மனைவி தரையில் கிடப்பதைக் காணும் அந்தக் கதை, மூலத்தின் துள்ளலில் பாதி மறைந்தே இருந்தது. ஆனால் இவற்றுக்குப் பின் ‘சின்னிங் ஹேண்ட்ஸ்’ தொடங்கி வரும் பாடல்களில் தொகுப்பு தொய்கிறது. தாளமும் அலங்காரமும் கூடுகின்றன. ஆனால் பாடலின் எலும்புக்கூடு மெலிந்தே நிற்கிறது. இவை ஏன் முதன்மைத் தொகுப்புகளுக்குள் போகவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தத் தொய்வையெல்லாம் மறக்கச் செய்யும் பாடல் கடைசியில் இருக்கிறது. ‘தி ட்ரபீஸ் ஸ்விங்கர்’ 2004இல் வெளிவந்த ‘இன் குட் கம்பெனி’ படத்துக்காக வந்தது. ஒன்பதரை நிமிடம் ஓடுகிறது. பல்லவி கிடையாது, திருப்பமும் கிடையாது. ஒரே கிட்டார் சுழற்சியின் மேல் சரணங்கள் மட்டுமே வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றும் தன்னை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்கும் வேண்டுகோளோடு தொடங்குகிறது. ரோஜாச் செடியருகே மோவாயில் காயத்தோடு சிரித்தபடி, கடந்து செல்லும் கறுப்புக் கார்களை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைப்பருவத்திலிருந்து பாடல் புறப்படுகிறது. சொர்க்கத்தின் வாயிற்கதவில் முன்பே வந்து சேர்ந்தவர்கள் கிறுக்கிவைத்த வாசகங்கள் வரை அது போகிறது. பேசுபவர் இறந்தவரா, பிரிந்தவர் மட்டும்தானா என்பது எங்கும் உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. இவ்வளவு நீளத்துக்கு ஒரே மெட்டைத் தாங்கிப்பிடிப்பது பின்னணிக் குரல்களின் ஏற்பாடுதான்; அவை சரணத்துக்குச் சரணம் சற்றே கூடிக் குறைகின்றன. கூடத்தின் வசதி பீமின் பாடலுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட இடம் இது. நான்கு தடங்களுக்குள் இதைச் செய்திருக்க முடியாது.

தொகுப்பின் அமைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இரண்டாம் தகட்டை எட்டாகச் சுருக்கி, வீட்டுப் பதிவுகளை இன்னும் சேர்த்திருக்கலாம். அத்தகைய பதிவுகள் அவரிடம் இல்லாமல் இல்லை. 2015இல் ‘ஆர்க்கைவ் சீரிஸ்’ என்ற வரிசையின் முதல் தொகுப்பாக அதே காலத்து வீட்டுப் பாடல்கள் மேலும் பல வெளிவந்தன. முதல் தகடு பிடித்துப்போனவர்கள் அடுத்து அதைத்தான் தேட வேண்டும்.

பீமை அறியாதவர்கள் இத்தொகுப்பிலிருந்து தொடங்குவதைவிட 2002ஆம் ஆண்டுத் தொகுப்பை முதலில் கேட்பது நல்லது. அறிந்தவர்களுக்கு முதல் தகடு முழுவதும் விலைக்குத் தகும். இணைய ஒலிபரப்புச் செயலிகளில் கேட்பவர்கள் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவிட்டு வரிசைப்படியே கேட்க வேண்டும்; இல்லையெனில் வீட்டுப் பதிவின் இரைச்சலிலிருந்து கூடத்தின் துல்லியத்துக்குச் செவி மாறுவது தெரியாமலே போய்விடும். வினைல் வாங்க எண்ணுவோர், ‘சச் கிரேட் ஹைட்ஸ்’ போன்ற பாடல்களில் வரும் இரைச்சல் மூலக் கேசட்டிலேயே உள்ளது, தட்டின் பழுதன்று என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நலம்.