புதுச்சேரி ஓட்டத்துக்கு ஜூபிட்டர் 110 போதுமா?

முத்தியால்பேட்டை, நேரு வீதி, இந்திரா காந்தி சிலை என்று ஊருக்குள்ளேயே சுற்றுபவருக்கு 125 சிசி ஸ்கூட்டர் வீண் செலவு. 2024-இல் மாற்றி வந்த டிவிஎஸ் ஜூபிட்டர் 110-க்கு 113.3 சிசி எஞ்சின், இரண்டு சக்கரமும் 12 அங்குலம். ஹோண்டா ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம்தான். பள்ளத்தில் இடுப்புக்கு வித்தியாசம் தெரியும். பெட்ரோல் போடச் சீட்டைத் தூக்க வேண்டாம். சீட்டுக்கடியில் 33 லிட்டர் இடம். முழுமுக ஹெல்மெட் என்றால் ஷோரூமிலேயே வைத்துப் பாருங்கள்.

கவலைப்பட வேண்டியது உப்புக்காற்றுக்கு. சைலன்சரின் அடிப்பக்க வெல்டிங், சென்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங், பின்பிரேக் கேபிள் முனை எல்லாம் முதலில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்து (உப்பான போர்வெல் தண்ணீர் ஆகாது), காய்ந்ததும் கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலையைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் கவருக்குள் அது போனால் பெல்ட் வழுக்கும்: எஞ்சின் அலறும், வண்டி நகராது. மெக்கானிக்கிடம் கவரைக் கழற்றித் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உடனே பெல்ட் மாற்றச் சொன்னால் யோசியுங்கள். சைலன்சர் மூழ்கும் அளவு என்றால் இறங்கித் தள்ளுவதே மேல்.

டெஸ்ட் ரைடில் பின்னால் ஆள் ஏற்றி அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறிப் பாருங்கள். அங்கே திணறலாகத் தோன்றினால் மட்டும் 125 கேளுங்கள்.