கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா: அப்ளிகேஷனை எதில் ஏற்றலாம்?

பைத்தானில் எழுதிய ஒரு வெப் அப்ளிகேஷன். லேப்டாப்பில் இருப்பது பைத்தான் 3.12, சர்வரில் 3.8. இங்கே ஓடுவது அங்கே முரண்டு பிடிக்கிறது. இந்தத் தொல்லையைத் தீர்க்க விர்ச்சுவல் மெஷினும் (வி.எம்.) உதவும், கன்டெய்னரும் உதவும். இரண்டுமே அப்ளிகேஷனைத் தனியாகப் பிரித்து வைப்பவைதான். எந்த இடத்தில் பிரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

வி.எம்.மில், தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் காட்டும். அதன்மேல் கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) உட்பட ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம் பூட் ஆகும். கன்டெய்னருக்குச் சொந்தக் கர்னல் கிடையாது. ஹோஸ்டின், அதாவது அதை ஓட்டும் மெஷினின், லினக்ஸ் கர்னலையே பகிர்ந்துகொள்ளும். உள்ளே ஓடுவது சாதாரண பிராசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்). மற்ற பிராசஸ்களையும் நெட்வொர்க்கையும் அதன் கண்ணில் படாமல் மறைப்பது நேம்ஸ்பேஸ் என்ற கர்னல் வசதி. சிபியு, மெமரிக்கு வரம்பு வைப்பது சிகுரூப் என்ற இன்னொரு வசதி. லினக்ஸ் ஹோஸ்டில் பிராசஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: கன்டெய்னருக்குள் 1 என்ற எண்ணில் இருப்பது, வெளியே வேறொரு எண்ணில் நிற்கும்.

வேகத்தில் போட்டியே இல்லை. பூட் ஆக வேண்டியதில்லை என்பதால் கன்டெய்னர் நொடியில் எழுந்துவிடும். இமேஜ் என்பது அப்ளிகேஷனையும் அதற்குத் தேவையானதையும் கட்டிவைத்த பொதி. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் அடிப்படை இமேஜ் 10 எம்.பி.க்கும் குறைவு, வி.எம். இமேஜ் என்றால் பல நூறு எம்.பி. சகஜம்.

ஆனால் நான் கன்டெய்னர் பக்கம் சாய்வதற்குக் காரணம் வேகம் அல்ல, இமேஜ். கன்டெய்னருக்கு வேண்டிய சிகுரூப் 2008லேயே லினக்ஸ் கர்னலில் சேர்ந்துவிட்டது. ஆனால் 2013இல் வந்த டாக்கர் என்ற கருவிதான் இமேஜ் கட்டுவதையும் பகிர்வதையும் எல்லோருக்கும் எளிதாக்கியது. இமேஜ் கட்டும் செய்முறையை எழுதும் இடம் டாக்கர்ஃபைல். அதில் ஃபைல்களை மாற்றும் ஒவ்வொரு படியும் ஒரு லேயர், அதாவது இமேஜின் ஓர் அடுக்கு. லைப்ரரி பட்டியலை முதலில் காப்பி செய்து இன்ஸ்டால் செய்யுங்கள், அப்புறம் கோடைக் காப்பி செய்யுங்கள். கோடில் ஒரு வரி மாற்றினால் கடைசி லேயர்கள் மட்டும் புதிதாகும். வரிசையைத் திருப்பிப் போட்டால் கோட் மாறும் ஒவ்வொரு பில்டிலும் எல்லா லைப்ரரியும் மறுபடி இறங்கும். டெஸ்ட் செய்த அதே இமேஜ்தான் லைவுக்குப் போகும். புது வெர்ஷன் சொதப்பினால் பழைய டேகை (இமேஜின் வெர்ஷன் பெயர்) ஓட்டினால் போதும். இதற்காகவே ‘லேட்டஸ்ட்’ டேகை நம்பாமல் வெர்ஷன் எண் போடுங்கள். வி.எம்.மிலும் இமேஜ் கட்டலாம், ஆனால் நடைமுறையில் யாராவது உள்ளே லாகின் ஆகிக் கையால் ஒரு பேக்கேஜைச் சேர்ப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த மெஷினில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பில் வி.எம். தான் முன்னே நிற்கிறது. கர்னல் பொது என்றால் அதில் உள்ள ஓட்டையும் பொது. கன்டெய்னரைத் தொடங்கிவைக்கும் ரன்சி என்ற கருவியில் 2019இல் வெளியான குறை வழியாக, உள்ளேயிருந்து ஹோஸ்டின் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தையே கைப்பற்ற முடிந்தது. சர்வர் இல்லாமலே கோடை ஓட்டித் தரும் அமேசானின் லாம்டா சேவை ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோடையும் ஃபயர்கிராக்கர் என்ற குட்டி வி.எம்.மில் ஓட்டுவதும் இந்த அச்சத்தால்தான். முன்பின் தெரியாதவர்களின் கோடை ஓட்ட வேண்டுமா, விண்டோஸ் அப்ளிகேஷனை லினக்ஸ் சர்வரில் வைக்க வேண்டுமா, யோசிக்காமல் வி.எம். எடுங்கள்.

கன்டெய்னரில் புதியவர்கள் அடிபடும் இடங்கள் இரண்டு. கன்டெய்னரை நீக்கினால் அதற்குள் எழுதிய ஃபைல்களும் போய்விடும். டேட்டாபேஸ் என்றால் வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடம்) கட்டாயம். மெமரி வரம்பைத் தாண்டினால் கர்னல் பிராசஸைக் கொன்றுவிடும். எக்ஸிட் கோட் 137 என்று வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

சொந்த அப்ளிகேஷன், சின்ன டீம் என்றால் என் தேர்வு இரண்டும் சேர்ந்தது: கிளவுடில் ஒரு வி.எம்., அதற்குள் டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) அப்ளிகேஷனும் டேட்டாபேஸும். ஒரே சர்வர் இருக்கும்வரை, பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் போகவே வேண்டாம்.