பஃபரைக் குறைப்பதா, டிராக்கை ஃப்ரீஸ் செய்வதா?

கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் கட்டையை அழுத்திய பிறகு பியானோ ஒலி பிந்தி வந்தால், வழக்கமாகக் கை வைப்பது பஃபர் அளவில், அதாவது கணினி ஒரே தவணையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையில். 44,100 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை சாம்பிள்) 1024 சாம்பிள் என்றால் சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம். 128 என்றால் 3 கூட இல்லை. ஆடியோ இன்டர்ஃபேஸும் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கடத்தும் பெட்டி) அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். செலவில்லாத வழிதான், ஆனால் கணினி திணறும். பத்து டிராக் ஓடும்போது 128 வைத்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கும்.

ஃப்ரீஸ் அந்தச் சுமையை இறக்கும். வாசித்து முடித்த கருவியை டிஏடபிள்யூ (இசைப்பதிவு மென்பொருள்) ஆடியோவாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பஃபரைத் தாராளமாகக் குறைக்கலாம். ஒரு ஸ்வரத்தைத் திருத்த வேண்டுமா? அன்ஃப்ரீஸ் செய்து காத்திருக்க வேண்டும், எரிச்சல்தான்.

இரண்டுக்கும் முன்னால் மாஸ்டரில் (எல்லா டிராக்கும் வந்து சேரும் இடம்) லிமிட்டர், அதாவது ஒலி அளவை எல்லை மீறாமல் அடக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். லுக்அஹெட் (வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்க்கும் வசதி) உள்ள லிமிட்டர் சேர்க்கும் தாமதத்தை எந்த பஃபரும் தீர்க்காது. அப்புறம், டைரக்ட் மானிட்டரிங் (மைக் ஒலியைக் கணினி வழியாகச் சுற்றாமல் நேரே ஹெட்போனில் கேட்பது) பாடகருக்குத்தான் உதவும். மென்பொருள் கருவியின் ஒலி கணினிக்குள்ளேதானே பிறக்கிறது!

என் பழைய லேப்டாப்பில் டிரம்ஸையும் ஸ்டிரிங்ஸையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு, 128-இல் வாசிக்கிறேன். மிக்ஸிங்கின்போது மறுபடி 1024.