காலேஜ் பிரெடிக்டர் ஆப் எல்லாம் எவ்வளவு நம்பலாம்? பல சீசன் யூஸ் பண்ணின அனுபவம்

கன்னியாகுமரி ஜில்லா தக்கலைல நெட் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ், சர்டிபிகேட் அப்ளிகேஷன்னு வருஷம் பூரா ஓடும், ஆனா ஜூன் பொறந்தா மழை, கரண்ட் கட்டு, கவுன்சிலிங் மூணும் சேந்தே வரும். ஐஐடி, என்ஐடி சீட்டுக்கு சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேணும்ங்கிற காலேஜ், கோர்ஸ வரிசையா போட வர்ற பிள்ளைங்க பெரும்பாலும் போன்ல ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடதான் வருவாங்க, ராங்க் போட்டா எந்த காலேஜ் கிடைக்கும்னு சொல்ற ஏதாவது ஒரு பிரெடிக்டர்ல எடுத்தது. பச்சைல ஹை சான்ஸ், மஞ்சள்ல மீடியம், சிவப்புல லோ. இந்த சமாச்சாரத்த நான் பல வருஷமா பிள்ளைங்களுக்காக போட்டுப் பாத்து, பொறவு நெஜமா என்ன சீட் கிடைச்சுதுன்னும் பாத்துட்டு வர்றேன், அதான் எழுதலாம்னு தோணிச்சு.

மொதல்ல நல்லத சொல்லிருவோம். சும்மா ஒரு அந்தாசு கிடைக்க இது கொள்ளாம். இன்ஜினியரிங் சீட்டுக்கு எழுதுற ஜேஇஇ மெயின் பரீட்சை ரிசல்ட் பர்சன்டைல்ல வரும், வீட்டுல 99ன்னு பாத்ததும் என் மவனுக்கு நூத்துக்கு 99 மார்க்குன்னு நெனச்சு ஜங்ஷன்ல ஸ்வீட் வாங்கப் போயிருவாங்க. 2024ல பரீட்சை எழுதினது 14 லட்சத்துக்கு மேல. 99 பர்சன்டைல்னா இவனுக்கு மேல ஒரு சதவீதம் பேர் இருக்காங்கன்னு அர்த்தம், அதாவது ராங்க் 14 ஆயிரத்த ஒட்டி வரும். இந்தக் கணக்க ஆப் ஒழுங்காப் போட்டுத் தருது, அதுல குத்தம் சொல்ல முடியாது.

ஆனா அதுக்கப்புறம் வர்ற காலேஜ் லிஸ்ட் எங்கருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? பெருசா ரகசியம் ஒண்ணும் இல்ல. இந்த சீட்டுக்கெல்லாம் கவுன்சிலிங் நடத்துற ஜோசா சைட்ல 2016ல இருந்து ஒவ்வொரு வருஷத்து ஓப்பனிங் ராங்க், குளோசிங் ராங்க் (சீட்டு கிடைச்ச மொத ராங்க், கடைசி ராங்க்) ரவுண்டு வாரியா சும்மாவே கிடக்கு. வருஷம், ரவுண்டு, காலேஜ், கோர்ஸ், சீட் டைப் செலக்ட் பண்ணினா டேபிள் வந்துரும். அத எடுத்து கலர் அடிச்சுத் தர்றதுக்கு சில ஆப் காசும் வாங்குது. காசு போனாக்கூட பரவால்ல, போன் நம்பர் கேக்கும் பாருங்க, அதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு ஆப்ல நம்பர் குடுத்த பொறவு மேனேஜ்மென்ட் சீட் இருக்கு சார்னு ஏஜெண்டு போன் பண்ணி உயிர எடுத்துட்டான், இப்பவும் சீசன் வந்தா அடிப்பான்.

அந்த டேபிள்ல கோட்டான்னு ஒரு காலம் (column) இருக்கும், ஏஐ (ஆல் இந்தியா), ஹெச்எஸ் (ஹோம் ஸ்டேட்), ஓஎஸ் (அதர் ஸ்டேட்)னு. ஐஐடில ஹோம் ஸ்டேட் எல்லாம் கிடையாது, எல்லாமே ஏஐ. என்ஐடில பாதி சீட்டு அந்த ஸ்டேட் பிள்ளைங்களுக்கு, மீதி வெளி ஸ்டேட்டுக்கு. நம்ம ஜில்லாவுல உள்ள சிக்கல் இதுலதான் இருக்கு. ஹோம் ஸ்டேட்ங்கிறது வீடு எங்க இருக்குன்னு பாத்து இல்ல, பிளஸ் டூ எந்த ஸ்டேட்ல பாஸ் பண்ணினாங்கன்னு பாத்து. களியக்காவிளைல வீடு, ரேஷன் கார்டு தமிழ்நாடு, பிள்ளை டெய்லி பஸ் ஏறி பாறசாலைலயோ திருவனந்தபுரத்துலயோ போய் படிச்சுதுன்னா அதுக்கு ஹோம் ஸ்டேட் கேரளா, அதாவது கோழிக்கோடு என்ஐடி. திருச்சி அதுக்கு வெளி ஸ்டேட். ஆப்ல ஸ்டேட் கேட்டா எல்லாரும் தமிழ்நாடுன்னு அமுக்குவாங்க, திருச்சி பச்சைல வரும், அது வேற ஆளுக்கு உள்ள பச்சை.

இன்னொண்ணு கேட்டகரி ராங்க். ஓபிசி, எஸ்சி, எஸ்டி, ஈடபிள்யூஎஸ் குளோசிங் ராங்க் எல்லாம் அந்தந்த கேட்டகரிக்குள்ள உள்ள ராங்க், பொது ராங்க் இல்ல. சில ஆப்ல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும், அதுல எந்த ராங்க் போடணும்னே தெளிவா சொல்லியிருக்காது. பொது ராங்க போட்டு ஓபிசி செலக்ட் பண்ணினா ஒண்ணுமே கிடைக்காதுன்னு காட்டும், பிள்ளை அழுதுகிட்டு வரும். போன சீசன்ல மழைல நனைஞ்சுகிட்டு ஒரு அம்மா வந்தாங்க, அண்ணே இவளுக்கு எங்கயும் இல்லேன்னு சிவப்பாட்டே காட்டுது, ஒரு வாட்டி பாருங்கன்னு. ஸ்கோர் கார்டு வாங்கிப் பாத்தா ஓபிசி ராங்க் கீழ தனியா இருக்கு. அதப் போட்டதும் பாதி லிஸ்ட் மாறிருச்சு. நான் அந்தப் பிள்ளைகிட்ட, மக்ளே அது கெடக்கட்டும், ஏப்ரல் ஒண்ணுக்குப் பொறவு எடுத்த ஓபிசி சர்டிபிகேட் இருக்கான்னு கேட்டேன். நம்ம ஊரு பிசி சர்டிபிகேட் இதுக்கு ஆவாது, சென்ட்ரல் பார்மட்ல புதுசா வேணும், இல்லேன்னா ஓபன்லதான் பாப்பாங்க. இத எந்த ஆப்பும் கேக்கல.

பெண் பிள்ளைங்களுக்கு 2018ல இருந்து தனியா கூடுதல் சீட்டு இருக்கு, அந்த வரிசைல குளோசிங் ராங்க் வேற. டேபிள்ல ஜெண்டர்னு உள்ள காலத்தையும் (column) சேத்துப் பாக்கணும். ராங்க் பின்னாடி 'P'ன்னு ஒரு எழுத்து நின்னா அது பிரிபரேட்டரி லிஸ்ட் (நேரா சேராம மொதல்ல ஒரு வருஷம் தயாரிப்பு கோர்ஸ் படிக்கிறவங்களுக்கு உள்ளது), அத சாதாரண ராங்கோட ஒப்பிடாதீங்க.

இதையெல்லாம் விட எனக்கு உள்ள பெரிய கோவம் சிவப்பு கலர் மேலதான். லோ சான்ஸ்னு காட்டினதும் பிள்ளைங்க அந்த காலேஜ லிஸ்ட்ல இருந்தே தூக்கிருவாங்க. எதுக்குடே தூக்குத? ஜோசா மேலருந்து கீழ ஒவ்வொரு சாய்ஸா பாத்துகிட்டு வரும், மேல உள்ளது கிடைக்கலேன்னா அடுத்ததுக்குப் போவும், கிடைக்காதத மேல போட்டதுக்காக கீழ உள்ளதுக்கு ஒரு குறையும் வராது. எத்தனை சாய்ஸ் போட்டாலும் கூடுதல் காசு கிடையாது. ஆசப்படுற வரிசைல போடுங்க. சான்ஸ் பாக்க வேண்டியது லிஸ்டுக்கு கீழ்ப்பக்கம் மட்டும், கண்டிப்பா கிடைக்கும்னு உள்ளது நாலஞ்சு இருக்கான்னு. அதுக்கும் ஜோசாவே லாக் பண்றதுக்கு முன்னாடி மாக் அலாட்மென்ட் (ஒத்திகை அலாட்மென்ட்) விடும், அந்த வருஷம் மத்தவங்க போட்ட சாய்ஸ் வச்சு வர்றது. போன வருஷத்து டேபிளுக்கு பெயிண்ட் அடிச்சத விட இது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டு சமாச்சாரம் வேற. கருங்கல் பக்கத்துல ஒரு பிள்ளைக்கு அமெரிக்கா ஆசை, ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் போட்டு ஒரு சான்ஸ் கால்குலேட்டர்ல பாத்துட்டு வந்தா, எம்ஐடிக்கு 18 சதவீதம்னு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. 2024ல ஹார்வர்டுல அப்ளை பண்ணின நூறு பேர்ல நாலு பேர கூட எடுக்கல, எம்ஐடி வெளிநாட்டுப் பிள்ளைங்க எத்தனை பேர் அப்ளை பண்ணி எத்தனை பேர் உள்ள போனாங்கன்னு அதோட சைட்லயே தனியாப் போடுது, அது மொத்த சதவீதத்த விட இன்னும் கம்மி. அங்க ராங்கும் இல்ல குளோசிங்கும் இல்ல. எஸ்ஏடிங்கிற அமெரிக்க பரீட்சை மார்க்கு, ஸ்கூல் கிரேடு, கட்டுரை, டீச்சர் லெட்டர் எல்லாம் படிச்சுப் பாத்து எடுக்கிறது, அத ஒரு கால்குலேட்டர் எப்படி அளக்கும். அதுவும் பண உதவி கேக்கியான்னு ஒரு கேள்வி கூட இல்ல. ஹார்வர்டு, எம்ஐடி, யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி கொஞ்ச இடம்தான் வெளிநாட்டுப் பிள்ளையா இருந்தாலும் உதவி கேக்கிறத வச்சு சீட்டு குடுக்காம இருக்க மாட்டாங்க, மத்த நிறைய இடத்துல கேக்குற தொகையும் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. ரப்பர் பால் விலைய நம்பி இருக்கிற வீட்டுக்கு இதாக்கும் மொத கேள்வி.

கொடுமை என்னன்னா அங்கதான் சான்ஸ் நெஜமாவே தெரிய வேண்டியிருக்கு. ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனி பீஸ், 75 டாலர், 85 டாலர்னு போவும், தனித்தனி கட்டுரை வேற. இங்க மாதிரி இஷ்டத்துக்கு வரிசை போட முடியாது. நான் அவளுக்கு எடுத்துக் குடுத்தது காமன் டேட்டா செட்னு ஒரு பிடிஎஃப், நிறைய காலேஜ் வருஷா வருஷம் போடும். அதுல சி7ல எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு டிக் அடிச்சிருக்கும், சி9ல சேந்த பிள்ளைங்களோட எஸ்ஏடி மார்க்கு 25ஆவது, 75ஆவது பர்சன்டைல் இருக்கும். மார்க்கு அந்த 25ஆவது பர்சன்டைலுக்கு கீழ நின்னா பீஸ் கட்ட ஒண்ணுக்கு ரெண்டு வாட்டி யோசிக்கலாம். ஆனா 75க்கு மேல நின்னாலும் சீட்டு உறுதின்னு இல்ல, அதையும் அவகிட்ட சொல்லித்தான் விட்டேன்.

இப்ப கடைல பிரெடிக்டர் எதுவும் திறக்கிறதில்ல. ஜோசா டேபிள் கடைசி மூணு வருஷத்துது, கடைசி ரவுண்டு, பிரிண்ட் எடுத்து கவுண்டர்லயே வச்சிருக்கேன், திருச்சி, கோழிக்கோடு, சூரத்கல் தனித்தனியா. சும்மா பாக்க காசு வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்தா மட்டும் பக்கத்துக்கு காசு. ஆப்க்கு ரேட்டிங் கேட்டா இந்தியாவுக்கு உள்ளதுக்கு அஞ்சுல ரெண்டு, அதுவும் நம்பர் கேக்காததுக்கு மட்டும். அமெரிக்கா கால்குலேட்டருக்கு முட்டை.